சுக்கான் மேல் ஒரு வழக்கு

சென்னையில் காசு கேட்காமல் வருகிற பொருள் ஒன்றே ஒன்றுதான்: பிற்பகல் கடல்காற்று. கோடையில் தரை கொதித்து, நண்பகல் தாண்டியதும் அது தென்கிழக்கிலிருந்து கிளம்பும். மெரினாவில் சுண்டல் பொட்டலத்தைப் பறக்கவிடும். மொட்டைமாடியில் காயும் வேட்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பும். அந்தக் காற்றை ஒரு துணியில் பிடித்துவிட்டால் பெட்ரோல் செலவே இல்லாமல் கடலில் உலாத்தலாம் என்றான் என் கல்லூரித் தோழன். தொழிலில் ஆடிட்டர். ஊரார் கணக்கில் ‘இலவசம்’ என்று எங்கே கண்டாலும் சிவப்பு மையால் சுழிக்கிறவன், காற்று விஷயத்தில் மட்டும் சுழிக்காமல் விட்டுவிட்டான். பழைய பாய்மரப் படகு ஒன்றை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து அவன் எனக்குப் பங்காளி.

படகு ‘எண்டர்பிரைஸ்’ என்ற வகை. நீளம் நாலு மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பாய், இரண்டு ஆள். ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 1956-இல் ‘நியூஸ் கிரானிக்கிள்’ என்ற லண்டன் நாளிதழ் இதை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. விளம்பரத்துக்காக இரண்டு படகுகளை இரவோடு இரவாக ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ‘டெய்லி மிரர்’ தன் பங்குக்குச் சிவப்புப் பாய் கட்டிய ‘மிரர்’ படகைக் கொண்டுவந்தது. நம்மூர் வார இதழ்கள் அட்டையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டித் தந்ததோடு நிறுத்திக்கொண்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நியூஸ் கிரானிக்கிள் 1960-இல் மூடப்பட்டது. அது அறிமுகப்படுத்திய நீலப்பாய்ப் படகு இருபதாயிரத்துக்கும் மேலாகக் கட்டப்பட்டு, உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுடையது மட்டும் ஓடவில்லை. திரும்பியது.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்வது அதன் குணம். இந்தக் குணம் கொஞ்சம் இருப்பது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஓட்டுகிறவர் தவறிக் கடலில் விழுந்தால், கைப்பிடியை விட்ட படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடக்க நின்றுவிடும். நீந்திப் போய் ஏறிக்கொள்ளலாம். எங்கள் படகு, ஆள் விழும்வரை பொறுத்திருக்கவில்லை. அதை நேரே செலுத்துவதற்குச் சுக்கான் கைப்பிடியை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். கரையேறும்போது பங்காளியின் ஒரு தோள் இன்னொன்றைவிட உயர்ந்திருந்தது.

துறைமுகத்துக்குள் இருக்கும் எங்கள் கிளப்பில் படகுகள் நிற்கும் கொட்டகையை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. கடலுக்குப் போகாதவர்கள் அங்கே உட்கார்ந்து, போய் வந்தவர்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ‘சுக்கான் சின்னது, பெரிசா செஞ்சு போடுங்க’ என்றார். பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்த இளைஞன், ‘சுக்கான் பெரிசு அங்கிள், சின்னதா செதுக்குங்க’ என்றான். எலும்பு மருத்துவர் ஒருவர் படகைப் பார்க்கவே இல்லை. பங்காளியின் தோளை அமுக்கிப் பார்த்து, ‘சுக்கான் இப்படியே இருக்கட்டும், நீங்க திங்கக்கிழமை கிளினிக் வாங்க’ என்றார். மொத்தத்தில், குற்றவாளி சுக்கான்தான் என்பதில் பெஞ்சுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சின்னப் படகின் சுக்கான் எளிமையான பொருள். படகின் பின்பலகையில் இரண்டு உலோக வளையங்கள். சுக்கானின் தலையில் இரண்டு முளைகள். முளையை வளையத்தில் மேலிருந்து இறக்கினால் கதவு கீலில் உட்கார்ந்தது. தலைக்குக் கீழே தண்ணீரில் இறங்கும் பலகை. ஆழமில்லாத இடத்தில் தரை தட்டாமலிருக்க அதை மடக்கித் தூக்கலாம், ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி மறுபடி இறக்கலாம். தலையின் மேல் கைப்பிடி. விளிம்பில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு எட்ட வேண்டுமே, அதனால் கைப்பிடிக்கு ஒரு நீட்டுப் பிடி. அவ்வளவுதான். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்பவர் ஆடிட்டரோடு படகு வாங்கியிராதவர்.

முதலில் அந்த இறக்கு கயிறு மாட்டிக்கொண்டது. அது தொய்ந்தால் பலகை நேராக நிற்காமல் பின்னால் சாய்ந்து மிதக்கும். சுழலும் அச்சை விட்டு நீரின் அழுத்தம் தூரம் போய்விடுவதால் கைப்பிடி பலமடங்கு கனக்கும். சின்னப் படகுகளில் ஸ்டியரிங் கனக்கிறதா, முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பார்த்தோம். கயிறு தொய்ந்துதான் இருந்தது. மாற்றினோம். கனம் கொஞ்சம் குறைந்தது, திருப்பம் குறையவில்லை.

அடுத்து வளையமும் முளையும். இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போகிற அளவு ஆட்டம். கைப்பிடியைத் திருப்பினால் சுக்கான் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. புது வளையம் வாங்க நானும் பங்காளியும் காசிமேடு போனோம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் படகுக்கு வேண்டிய எல்லாமே கிடைக்கும்: நைலான் கயிறு, ஷேக்கிள், மிதவை, விசைப்படகின் காற்றாடி வரை.

‘எத்தினி எச்பி போட்டு?’ என்று கடைக்காரர் கேட்டார்.

‘எச்பி கிடையாது. காத்துல போறது.’

கடைக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், என் மார்புயரத்துக்கு ஒரு இரும்புச் சுக்கானை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ‘நம்ம கிட்ட இருக்கிறதுலயே சின்னது இதான். உங்க போட்டு என்னா வெயிட்டு வரும்?’

பங்காளி சொன்னான். கடைக்காரர் சுக்கானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ‘அப்போ இதையே எடுத்துக்கோங்க. போட்டை இதுல மாட்டிக்கலாம்.’

பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் விதவிதமான கீல் காட்டினார்கள். பங்களா கேட்டுக்கு, பீரோவுக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கு. பங்காளி சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒட்டிப் பார்த்தான். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர் என்பது அவன் தணிக்கை முறை. எவர்சில்வரில் 304, 316 என்று இரண்டு ஜாதி இருப்பதும், காந்தம் இரண்டிலுமே ஒட்டாது என்பதும் கடைக்காரப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. 304 வீட்டுக்கு ஆகும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், அதனால் கடலைக் கொஞ்சம் தாங்கும். ‘மாலிப்டினம் இருக்கிறதா?’ என்று பங்காளி அந்தப் பெயரைக் கடையில் உரக்கச் சொன்னான். விலை அங்கேயே ஏறியது.

கடைசியில் ஒரு லேத்துப் பட்டறையில் செய்யக் கொடுத்து வாங்கினோம். வளையத்தைப் பொருத்தப் போனபோது பின்பலகையின் திருகுத் துளைகள் திருகைவிடப் பெரிதாகியிருந்தன. உள்ளே பிளைவுட் ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. இதற்கு வைத்தியம் உண்டு. கெட்ட மரத்தைத் துளையிட்டு எடுத்துவிட்டு, காயவைத்து, எபாக்ஸி பிசினைக் கெட்டியாக்கி நிரப்பி, இறுகியபின் புதிதாகத் துளையிட வேண்டும். பிசின் ஒரு டப்பா, கெட்டியாக்கி ஒரு டப்பா. அளவாகக் கலக்க வேண்டும்.

அளவு என்ற சொல்லைப் படித்ததும் பங்காளி அந்தப் பொறுப்பை யாரிடமும் விடவில்லை. அவன் மருமகளின் சமையல் தராசும் என் வீட்டு காபி டம்ளரும் வேலைக்கு அமர்த்தப்பட்டன. சுக்கானின் வெடிப்புகளுக்கும் சேர்த்துத் தாராளமாகக் கலந்தான். மே மாதம், என் வீட்டு பால்கனி. எபாக்ஸி இறுகும்போது தானே சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு இறுகலை விரட்டும். இறுகல் மேலும் சூட்டைக் கிளப்பும். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் சூடு வெளியே போய்விடும். ஆழமான டம்ளரில் போகாது. பங்காளி தராசின் மூன்றாவது தசமத்தைக் கண்ணாடி கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டம்ளரிலிருந்து புகை வந்தது.

உள்ளேயிருந்து என் மனைவி, ‘ஏங்க, காபி டம்ளர் ஒண்ணு குறையுதே, பாத்தீங்களா?’ என்று கேட்டாள்.

‘பாத்தேன்’ என்றேன். உண்மைதான், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்பர் நிறத்தில் ஒரு கட்டி, நடுவில் கலக்கிய ஸ்பூன் நிமிர்ந்து நின்றபடி. அந்த ஸ்பூனை இன்று வரை யாராலும் எடுக்க முடியவில்லை. பங்காளி அதை மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுத்துகிறான். தேய்மானக் கணக்கிலும் சேர்த்திருக்கிறான்.

சுக்கானை வீட்டுக்கும் கடலுக்குமாகத் தூக்கி நடந்த நாட்களில் துறைமுக வாசல் காவலருக்கு அது பழகிவிட்டது. உள்ளே போகும் பொருள், வெளியே வரும் பொருள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். முதல் நாள் ‘இது என்ன?’ என்று கேட்டபோது பங்காளி முளை, வளையம், நீரழுத்தம் எல்லாம் விளக்கினான். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மரப்பலகை, ஒன்று’ என்று எழுதினார். அந்தப் பதிவேட்டின்படி நாங்கள் ஒரே மரப்பலகையைத் திரும்பத் திரும்பத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப வெளியே கொண்டுவரும் இரண்டு நடுத்தர வயதினர். அவர் ஒருபோதும் காரணம் கேட்டதில்லை. நாகரிகமான மனிதர்.

சுக்கான் இப்போது ஆட்டமில்லை, வெடிப்பில்லை, வார்னிஷ் பளபளக்கிறது. கடலில் இறக்கினோம். முன்பு தளர்வாகத் திரும்பிய படகு இப்போது உறுதியாகத் திரும்பியது.

பங்காளி சோர்ந்துபோகிறவன் இல்லை. தணிக்கை எல்லையை விரித்தான்; பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் போனான். இந்தப் படகில் மரத்தைப் பிடித்து நிறுத்துவது மூன்றே கம்பிகள்: பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. 19 இழைகளை முறுக்கிய எவர்சில்வர் கம்பி. தூரத்திலிருந்து பார்த்தால் புதுசு; பஞ்சை வைத்து மேலிருந்து கீழே துடைத்துக்கொண்டே வந்தால் முறிந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெறுங்கையால் துடைத்தால் கையைப் பிடித்துக்கொள்ளும். முறிவு பெரும்பாலும் கம்பி அதன் முனைக் குழலுக்குள் நுழைகிற வாயில்தான். உப்புத் தண்ணீர் அங்கே இறங்கித் தங்கிவிடுகிறது. எங்கள் இடப்பக்கக் கம்பியில் பஞ்சு மாட்டியது. 19-இல் ஒன்று போனால் 18 இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. பாரம் மற்ற 18-க்கும் கூடுகிறது, அடுத்தது சொல்லிக்கொள்ளாமல் போகும். இரண்டு பக்கமும் புதுக் கம்பி.

அலுமினிய மரத்தில் எவர்சில்வர் ரிவெட் அடித்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரண்டு உலோகம், நடுவே உப்புநீர். ஏறத்தாழ ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ரிவெட்டுகளைப் பிடுங்கி, காப்புப் பசை தடவி மாற்றினோம். பாயை ஏற்றும் கயிறு, உச்சிக் கப்பி, கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் கிளீட் எல்லாம் மாறின. பழைய பாகங்களை அவன் எறியவில்லை. ஒவ்வொன்றும் ஓர் உறையில் போடப்பட்டு, மேலே தலைப்பு எழுதப்பட்டது. கழற்றும்போது கையில் வந்த சில்லறைச் சாமான்களும் உறைக்குள் போயின. இதைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் நடக்கும்போது கொட்டகை ஓரத்தில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளப்பின் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், தொண்டிப் பக்கத்துக்காரர். அந்தக் கரையோர ஊர்களில் திருவிழாவுக்கு இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் காற்றடிக்கும் பக்கம் நீட்டிய பலகையில் ஏறி நின்று, தம் உடம்பையே எதிர்ப்பாரமாக வைத்துப் படகைக் கவிழாமல் ஓட்டுவார்கள். பெரியவர் மீசை முளைக்கும் முன்பே அந்தப் பலகையில் ஏறியவர். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வது பெஞ்சின் வேலை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

நான்தான் கேட்டேன். ‘அண்ணே, இது ஏன் இப்படித் திரும்புது?’

டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுக்கான் பக்கம் வரவே இல்லை. படகின் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்.

‘மாடு படுத்துக் கெடக்கு சார். எழுப்பி நிறுத்தாம வாலை முறுக்கினா என்ன ஆவும்?’

பாய்மரம் பின்னால் சாய்ந்திருந்தது. எல்லாப் படகிலும் கொஞ்சம் சாய்வு உண்டு. எங்களுடையது அளவு மீறியது என்பதை அவர் டேப் இல்லாமல் நிரூபித்தார். பெரிய பாயை ஏற்றும் கயிற்றின் முனையில் ஒரு சணலைக் கட்டி, முனையை மேலே உச்சிக்கு ஏற்றி நிறுத்தி, சணலைப் பின்பலகையின் விளிம்புவரை இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார். அதே சணலைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்ற இன்னொரு எண்டர்பிரைஸில் வைத்தார். முடிச்சு ஒரு சாணுக்கு மேல் எட்டவில்லை. நல்ல படகில் உச்சி முன்னால் இருக்கிறது. எங்களுடையதில் உச்சி பின்பலகைக்கு அந்த அளவுக்கு நெருங்கி வந்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். காற்று பாயைத் தள்ளுவதை, பாயின் நடுவில் ஒரே ஒரு கை தள்ளுவதாக வைத்துக்கொள்ளலாம். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகை தண்ணீரில் ஊன்றி அதை எதிர்க்கிறது. இரண்டும் ஏறத்தாழ நேருக்கு நேர் இருந்தால் படகு சண்டையில்லாமல் போகும். மரம் பின்னால் சாய்ந்தால் பாயும் பின்னால் போகிறது; காற்றின் கை படகின் பின்பாகத்தைத் தள்ளுகிறது; பின்பாகம் ஒதுங்கினால் மூக்கு காற்றை நோக்கித்தான் திரும்பும். சுக்கான் பாவம், அந்தத் திருப்பத்தை ஒற்றை ஆளாகத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கனம் அதன் குற்றமில்லை. மேலே நடப்பதைக் கீழே சொல்லும் செய்தி. நாங்கள் தபால்காரரைப் பிடித்து வார்னிஷ் அடித்திருக்கிறோம்.

மரம் ஏன் சாய்ந்தது? இந்த இடத்தில் தொல்லியல் துறைக்கு விண்ணப்பித்திருக்கலாம். முன்கம்பியின் அடியில், மூக்கில் உள்ள கொக்கியோடு சேர வேண்டிய இடத்தில், இரண்டு ஷேக்கிள்கள், அதாவது லாட வடிவ இணைப்புகள், ஒன்றில் ஒன்று கோத்துக் கிடந்தன. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவருக்குக் கம்பி ஓர் அங்குலம் எட்டவில்லை. இழுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டு ஷேக்கிள் போட்டார். முன்கம்பி செங்குத்தாக ஏறுவதால் கீழே இரண்டு அங்குலம் நீண்டாலே உச்சி அரை அடிக்கு மேல் பின்வாங்கிவிடும். மரம் பின்வாங்கியதும் பக்கக் கம்பிகள் தொய்ந்தன. அடுத்த உரிமையாளர் தொய்வைப் பார்த்துப் பதறி, பக்கக் கம்பிகளின் பின்களை ஒவ்வொரு துளையாகக் கீழே இறக்கி இறுக்கினார். மரம் சாய்ந்த நிலையிலேயே கல்லாக நின்றது. அதற்கடுத்தவருக்குச் சுக்கான் கனத்தது. பெரிய பலகையாகச் செய்து மாட்டினார். பெரிய பலகை வளையங்களை உலுக்கியது. அதற்கடுத்தவர் தடித்த திருகு போட்டார். தடித்த திருகு துளையைப் பிளந்து தண்ணீரை உள்ளே விட்டது. அவரவர் தமக்கு முந்தியவர் செய்த வேலையை நேர்த்தியாகச் செப்பனிட்டு, நீலப் பாயோடு அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பக்கக் கம்பிகளைப் புதிதாக மாற்றியபோது பங்காளி பழைய நீளத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, அதே துளையில், அப்படியே மாட்டியிருந்தான். அந்த வம்சாவளியில் அவனுக்கும் ஓர் இடம் உண்டு.

பெரியவர் ஷேக்கிள்களைக் கழற்றினார். பக்கக் கம்பிப் பின்களை மேல்துளைகளுக்கு மாற்றினார். முன்கம்பியை என்னை இழுக்கச் சொல்லிக் கொக்கியில் நேராக மாட்டினார். முன்பாயின் கயிற்றை ஏற்றி இறுக்கியதும் மரம் நிமிர்ந்தது. எல்லாம் முடிய, டீ ஆறியிருந்தது, அவ்வளவு நேரம்தான்.

பங்காளிக்கு இதை ஏற்க மனம் வரவில்லை. இவ்வளவு வவுச்சர்களுக்கு அப்புறம் செலவே இல்லாத தீர்வு என்றால் தணிக்கைத் தர்மத்துக்கு அடுக்காது. நான் ஜோஷுவா ஸ்லோகமை எடுத்துவிட்டேன். 1895-இலிருந்து 1898 வரை தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆள். தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் கோகோஸ் தீவுகளுக்கு 2,700 மைல், 23 நாள். அதில் சுக்கான் பிடித்த நேரம் மொத்தமே மூன்று மணிக்குள் என்று அவரே எழுதியிருக்கிறார். பாய்களைச் சரியாக வைத்து, சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு, கீழே போய்ப் படித்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இன்னும் நெருக்கமான சாட்சி: மும்பையில் தேக்கில் கட்டிய ‘சுஹைலி’ படகில் 1968 ஜூனில் கிளம்பி, 312 நாளில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி ஆஸ்திரேலியா பக்கம் உடைந்து போனது. மீதிப் பாதி உலகத்தைப் பாய்களின் சமநிலையை நம்பியே கடந்தார்.

‘ராஜேந்திர சோழன்?’ என்று கேட்டான் பங்காளி. சொந்த ஊர்ச் சாட்சி இல்லாமல் அவன் எதையும் ஏற்பதில்லை.

‘1025-இல கடாரம் வரைக்கும் கப்பற்படை போச்சு. சுக்கான் கனத்ததாக் கல்வெட்டுல ஒரு வரி இல்லை.’

திருப்தியானான்.

மறுநாள் பிற்பகல் காற்று நல்ல பதத்தில் இருந்தது. இருவருக்கான படகில் பெரியவரையும் ஏற்றிக்கொண்டு மூவராகப் போனோம். பங்காளி கைப்பிடியைத் தொட்டவன், வழக்கம்போல் மார்போடு இழுத்தான். படகு சட்டென்று எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. இழுக்க ஒன்றுமில்லை. இரண்டு விரல் போதும். அவன் முகத்தில் வந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன். அந்தத் தோளை அவன் எவ்வளவு காலமாக வளர்த்திருந்தான்!

படகைச் சாயவிடாமல் ஓட்டினால் இன்னும் இலேசாகும் என்றார் பெரியவர். படகு ஒருபுறம் சாய்ந்தால் காற்றின் கை தண்ணீருக்கு மேல் வெளியே தள்ளிப் போய், மறுபடி மூக்கைத் திருப்பும். ஆகவே சாய்வும் ஒரு சுக்கான்தான். நாங்கள் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தோம். நீர் கிழிகிற சத்தம் தவிர வேறொன்றுமில்லை. ‘அண்ணே, இதுதான்’ என்றான் பங்காளி.

அப்போது ஓர் இழுவைக் கப்பல் போனது. அதன் அலை எங்கள் பின்புறத்தைத் தூக்கிப் போட்டது. முளைகள் வளையங்களிலிருந்து மேலே எழும்பின. வழக்கமாக அங்கே ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும். சுக்கான் எழும்பிக் கழன்றுவிடாமல் அதுதான் தடுக்கும். கைப்பிடி சுக்கான் தலையிலிருந்து உருவிக்கொள்ளாமலிருக்க ஒரு சின்ன பின்னும் இருக்கும். இரண்டுமே ‘தேவைப்படாதவை’ என்று தலைப்பிட்ட உறையில், பங்காளியின் அலுவலக அலமாரியில், பாதுகாப்பாக இருந்தன. கைப்பிடி அவன் கையில் இருந்தது. சுக்கான் பத்தடி தள்ளி, வார்னிஷ் பளபளக்க, மிதந்துகொண்டிருந்தது.

‘மரப்பலகை, ஒன்று’ என்று என்னையறியாமல் வாயில் வந்தது.

பெரியவர் அவசரப்படவில்லை. ‘நடுப்பலகையைப் பாதி தூக்குங்க. முன்பாய்க் கயிறு உங்ககிட்ட. பெரிய பாய் என்கிட்ட. ஆடிட்டர் சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சொல்ற பக்கம் உக்காருங்க.’

அடுத்து நடந்ததைப் பயிற்சியாளர்கள் ஒரு பாடமாகவே நடத்துவார்கள். பெரிய பாயை இழுத்துப் படகைக் காற்று ஒதுங்கும் பக்கம் சாயவிட்டால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். பெரிய பாயைத் தளர்த்தி, முன்பாயை இறுக்கி, காற்று வரும் பக்கம் ஆள் பாரத்தைப் போட்டால் மூக்கு விலகும். எங்களிடம் ஆள் பாரம் என்றால் பங்காளிதான். ‘சார், இந்தப் பக்கம்.’ படகு இடது. ‘சார், கொஞ்சம் உள்ளே.’ நேர். ‘சார், அந்தப் பக்கம், சட்டுனு.’ வலது. எந்தக் கணக்கிலும் இதுவரை சேராத அவன் எடை, அன்றைக்குத் துறைமுகத்தின் குறுக்கே ஒரு படகை ஓட்டியது. நான் முன்பாயைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக் கொடுத்து மூக்கைத் தள்ளிவிட, வளைந்து நெளிந்து, ஆனால் போக வேண்டிய இடத்துக்கே, சரிவு மேடையில் வந்து தட்டினோம். பெஞ்சில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். எலும்பு மருத்துவர் மட்டும் பங்காளியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஃபைபர் போட்டில் காசிமேட்டுப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் சுக்கானைத் தூக்கிக் காட்டினான்.

‘இன்னா சார், இது உங்க்ளுதா? வாயாண்ட மெதந்துகினு இருந்துச்சு. இது இல்லாம எப்டி வந்தீங்கோ?’

‘சார் வெயிட்டா இருக்காரு’ என்றார் பெரியவர்.

பணம் நீட்டினோம். வாங்க மறுத்துவிட்டார்கள். வற்புறுத்தியதும், பிரியாணி வாங்கிக் கொடுத்தால் சாப்பிடுவதில் ஆட்சேபமில்லை என்றார்கள். பங்காளி பையிலிருந்து வவுச்சர் புத்தகத்தை எடுத்து, ‘சுக்கான் மீட்பு, நால்வர், பிரியாணி’ என்று எழுதி, கையெழுத்துப் போட இடம் காட்டினான். பையன் பேனாவை வாங்கிக்கொண்டு பெரியவரைப் பார்த்துக் கேட்டான்:

‘எண்ணே, முட்டை எக்ஸ்ட்ரா வேணும்னா அதுக்குத் தனியாக் கையெழுத்தா?’